பிசினஸ் இங்கிலீஷ் பாடம் எடுத்திருக்கிறீர்களா? முதல் செமஸ்டருக்கு ஒரு வழிகாட்டி

வணிக ஆங்கிலம் ஒரு பாடம், பண்பாடு கடந்த தொடர்பாடல் இன்னொரு பாடம். பல பல்கலைக்கழகங்களில் இவை தனித்தனியாக நடக்கும்; சில இடங்களில் ஒரே பாடத்தின் இரண்டு பாதிகள். முதலாவதில் மெயில், அறிக்கை, மீட்டிங், பிரசன்டேஷன் வரும். இரண்டாவதில் கோட்பாடு, கேஸ் ஸ்டடி, குழு வேலை. மாணவர்கள் பெரும்பாலும் முதலாவதை இலக்கணமாகவும் இரண்டாவதை மனப்பாடமாகவும் படித்து முடித்துவிடுகிறார்கள். மதிப்பெண் வந்துவிடும். ஆனால் வேலைக்குப் போன பிறகு, "நீங்கள் கேட்ட தேதிக்குள் முடியாது" என்று ஒரு வாடிக்கையாளருக்கு எழுத உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும்.

சிக்கல் வருகிற இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றுதான்: ஒருவரிடம் ஒன்றைக் கேட்பது, ஒருவர் கேட்டதை மறுப்பது, ஒருவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிவிப்பது. இந்த மூன்றிலும் மொழியை ஒரு பக்கமும் பண்பாட்டை இன்னொரு பக்கமும் வைக்க முடியாது. 2005-ல் வெளியான ஓர் ஆய்வு நல்ல உதாரணம். பின்லாந்து நிறுவனங்களும் ஸ்வீடன் நிறுவனங்களும் இணைந்த இடங்களில் இரு தரப்பும் ஆங்கிலத்தில் வேலை செய்தார்கள். யாருக்கும் அது தாய்மொழி இல்லை. பக்கத்துப் பக்கத்து நாடுகள்தான். அப்படியிருந்தும் பின்லாந்துக்காரர்கள் நேரடியாக, சுருக்கமாகப் பேசுகிறவர்கள் என்றும், ஸ்வீடன்காரர்கள் நிறையப் பேசிக் கலந்தாலோசிக்கிறவர்கள் என்றும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆங்கிலம் பொதுவாக இருந்தது, பேசும் பழக்கம் பொதுவாக இல்லை. ஆகவே இரண்டு பாடத்தையும் சேர்த்தே படியுங்கள். கீழே உள்ள படிகளும் அப்படித்தான் போகின்றன.

முதலில், எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

மொழித்திறனை அளக்க ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட சி.இ.எஃப்.ஆர். அளவுகோலில், தொடக்க நிலையான ஏ1 முதல் உச்ச நிலையான சி2 வரை ஆறு நிலைகள் உண்டு. வணிக ஆங்கில வகுப்புகள் பெரும்பாலும் பி1 அல்லது பி2 நிலையில் தொடங்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நிலைத் தேர்வு ஒன்றை எழுதிப் பாருங்கள். ஆனால் மொத்த நிலையை மட்டும் குறித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். வாசிப்பில் பி2, பேச்சில் ஏ2 என்று இருப்பவர்கள் ஏராளம். எது பின்தங்கியிருக்கிறதோ அதற்குத்தான் நேரம் வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. அடிப்படையிலிருந்து பி1 வர 350 முதல் 400 மணி நேரம், பி2 வர 500 முதல் 600 மணி நேரம் வழிகாட்டுதலோடு கூடிய படிப்பு தேவை என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் உத்தேசக் கணக்கு. அதாவது ஒரு நிலை ஏற சுமார் 150 முதல் 200 மணி. வாரம் 3 மணி வகுப்பு, 15 வாரம் என்றால் ஒரு செமஸ்டரில் கிடைப்பது 45 மணி. வகுப்பை மட்டும் நம்பினால் ஒரு நிலை ஏற இரண்டு வருடம் ஆகும். அதனால் ஆசிரியரைக் குறை சொல்லாமல், வெளியே எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

அப்படியே சிலபஸையும் ஒருமுறை புரட்டி, மதிப்பெண் எதற்கு என்று பாருங்கள். எழுத்துத் தேர்வுக்கே முக்கால்வாசி மதிப்பெண் என்றால் பேச்சுப் பயிற்சியை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சொற்களைத் தனியாக வாங்காதீர்கள்

வணிக ஆங்கிலம் என்றதும் பலர் அகராதி தேடுகிறார்கள். தனிச் சொல்லைவிட, எந்த வினை எந்தப் பெயரோடு சேரும் என்பதுதான் முக்கியம். டெட்லைனை 'மீட்' செய்வார்கள், கவலையை 'ரெய்ஸ்' செய்வார்கள், ஒப்பந்தத்தை 'ரீச்' செய்வார்கள். இப்படி இணையாகவே எழுதி வைத்துக்கொண்டால் எழுதும்போது இணையாகவே வரும்.

எங்கிருந்து எடுப்பது? பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஆண்டறிக்கையை எல்லாருக்கும் இலவசமாக வெளியிடுகின்றன. அதில் தலைவர் பங்குதாரர்களுக்கு எழுதும் கடிதத்தை மட்டும் படியுங்கள். லாபம் குறைந்த ஆண்டின் கடிதமாகப் பார்த்து எடுங்கள், அதுதான் சுவாரசியம். கெட்ட செய்தியை எந்த வாக்கியத்தில் வைக்கிறார்கள், பொறுப்பை யார் தலையில் வைக்கிறார்கள், சந்தையின் மீதா தங்கள் மீதா, என்று பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள்.

சொலவடைகள் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். உத்தேசத் தொகையைப் 'பால்பார்க் ஃபிகர்' (பால்பார்க் என்பது பேஸ்பால் மைதானம்) என்று சொல்வதைக் கேட்டால் புரிந்தால் போதும். நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. உலகில் ஆங்கிலம் பேசுகிறவர்களில் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைவிட மற்றவர்களே அதிகம். உங்கள் மெயிலைப் படிக்கப்போகிறவர் பேஸ்பால் ஆட்டத்தையே பார்த்திராதவராக இருக்கலாம்.

மெயில்: அதிக நேரம் இங்கேதான் செலவிட வேண்டும்

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். குழு அசைன்மென்டுக்காக வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் உள்ள மாணவரிடமிருந்து விற்பனைத் தரவு வேண்டும். வழக்கமாக எழுதப்படும் மெயில் இப்படிப் போகும்: சப்ஜெக்ட் லைனில் 'ரிகார்டிங் ப்ராஜெக்ட்'. முதல் வரியில் நலம் விசாரிப்பு. இரண்டாவது பத்தியில் நம் குழு யார், ஆசிரியர் என்ன சொன்னார், இதுவரை என்ன நடந்தது. கடைசியில், 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல் அட் தி எர்லியஸ்ட்'.

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு என்ன அனுப்ப வேண்டும், எப்போது அனுப்ப வேண்டும் என்பது தெரியாது. 'நீட்ஃபுல்' என்றால் எது? 'எர்லியஸ்ட்' என்றால் இன்றைக்கா, அடுத்த வாரமா?

திருத்தி எழுதினால் எப்படி இருக்கும் என்பதைத் தமிழிலேயே சொல்கிறேன். சப்ஜெக்ட்: "விற்பனைத் தரவு தேவை, வியாழன் 13 மார்ச்சுக்குள்". முதல் வரி: "சென்ற ஆண்டின் மாதவாரி விற்பனைத் தரவை எக்செல் கோப்பாக வியாழன் 13 மார்ச் மாலைக்குள் அனுப்ப முடியுமா?" அடுத்த வரி: "வெள்ளியன்று ஸ்லைடுகளைச் சமர்ப்பிக்கிறோம், வரைபடம் தயாரிக்க எங்களுக்கு ஒரு நாள் வேண்டும்." மூன்றாவது வரி: "முழுத் தரவு கிடைக்காவிட்டால் முதல் ஆறு மாதம் போதும், அதையும் அனுப்ப முடியாது என்றால் செவ்வாய்க்குள் சொல்லுங்கள்." பிறகு நன்றி, பெயர். அவ்வளவுதான்.

வேண்டியது, தேதி, காரணம், மாற்று வழி. காரணத்தை விட்டுவிடாதீர்கள். காரணம் சேர்ந்த கோரிக்கை அதிகாரமாகத் தோன்றாது.

இங்கே தமிழ் பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாம் "அனுப்புங்க" என்று சொல்லும்போது மரியாதை வினையின் வாலிலேயே இருக்கிறது. ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. அதனால் 'ப்ளீஸ் சென்ட்' என்று எழுதும்போது நமக்குப் பணிவாகத் தெரிவது, படிப்பவருக்குக் கட்டளையாகவே தெரியலாம். மரியாதையை அங்கே கேள்வி வடிவில்தான் வைக்க வேண்டும்: 'குட் யூ சென்ட்', இன்னும் பெரிய உதவி என்றால் 'உட் யூ பி ஏபிள் டு சென்ட்'. தினமும் பேசும் சக மாணவருக்கு இரண்டாவது வடிவம் தேவையில்லை, கிண்டல் போலக்கூடத் தோன்றும். உதவி எவ்வளவு பெரியது, ஆள் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து வாக்கியம் நீளும்.

மறுப்பதற்கு வருவோம். 'வி வில் ட்ரை' என்று எழுதுவதை அடியோடு விட்டுவிடுங்கள். சில இடங்களில் அது "சரி, செய்துவிடுவோம்"; வேறு சில இடங்களில் அது நாசூக்கான "முடியாது". முடியாது என்றால் அது ஒரு முழு வாக்கியமாக, எழுத்தில் இருக்க வேண்டும். அதைச் சுற்றி என்ன மென்மை வேண்டுமானாலும் சேர்க்கலாம்: கேட்டதற்கு நன்றி, ஒரே வரியில் காரணம், பிறகு "முடியாது", உடனே என்ன செய்ய முடியும் என்பது. நேரடியாகப் பேசிப் பழகியவருக்கு அந்த வாக்கியத்தை மேலே கொண்டுபோங்கள். சுற்றி வந்து சொல்லிப் பழகியவருக்குக் காரணத்தை முன்னால் வையுங்கள். வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

தேதி எழுதுவதில் ஒரு பொறி இருக்கிறது. 03/04 என்பது அமெரிக்கருக்கு மார்ச் 4, பிரிட்டன்காரருக்கு ஏப்ரல் 3. மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள். கோப்புப் பெயர்களில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை நல்லது; ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரம் சொல்வதும் அதைத்தான். எண்களிலும் இப்படியே: லட்சம், கோடி என்பது தெற்காசியாவுக்கு வெளியே பெரும்பாலோருக்குப் புரியாது. 10 லட்சம் ஒரு மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன். இதைக் கணக்குப் போடாமல் சொல்ல வரும்வரை பழகுங்கள்.

மீட்டிங்கில் எப்போது வாய் திறப்பது?

பெரும்பாலான புதியவர்களுக்கு மீட்டிங்கில் வரும் பிரச்சினை ஆங்கிலம் தெரியாதது இல்லை, இடம் கிடைக்காதது. மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விடும்.

2009-ல் 10 மொழிகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. ஒருவர் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்தார்கள். சராசரி, ஒரு நொடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மிகக் குறைந்த இடைவெளி ஜப்பானிய மொழியில், மிக அதிகமானது டேனிஷ் மொழியில். "ஜப்பானியர்கள் யோசித்து, மௌனம் காத்துத்தான் பதில் சொல்வார்கள்" என்று வகுப்புக் குறிப்பில் எழுதி வைத்திருப்பவர்கள் இதைப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம். இடைவெளி இவ்வளவு குறுகலாக இருக்கும்போது, வீடியோ அழைப்பில் ஏற்படும் சின்னத் தாமதமே ஒருவரை "பேசவே மாட்டேன் என்கிறார்" என்றோ "குறுக்கே விழுகிறார்" என்றோ காட்டப் போதும்.

அதனால் இடத்தை முன்கூட்டியே பிடித்துவையுங்கள். அஜெண்டா வந்ததும், எந்த விஷயத்தில் பேசப் போகிறீர்கள் என்று நடத்துபவருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். அவரே உங்களை அழைப்பார். தொடங்கிய ஐந்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்று சொல்லிவிடுங்கள், ஒரு சின்னச் சந்தேகமாக இருந்தாலும் சரி. முதல் முறை வாய் திறப்பதுதான் கஷ்டம், நேரம் போகப் போக அது இன்னும் கஷ்டமாகும். நுழைவதற்கு ஒரு வாக்கியம் கைவசம் இருக்கட்டும்: 'கேன் ஐ கம் இன் ஹியர்?' ஒன்று போதும், பத்து வேண்டாம்.

புரியாதபோது 'சாரி?' என்று கேட்டால் அவர் அதே வாக்கியத்தை அதே வேகத்தில், கொஞ்சம் சத்தமாகத் திரும்பச் சொல்வார். புரிந்த பகுதியை உங்கள் வார்த்தையில் சொல்லி மிச்சத்தைக் கேளுங்கள்: "அப்படியானால் விலை மாறாது, டெலிவரி மட்டும் தள்ளிப்போகிறது, சரியா?" தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்துவார்கள். சரியாகப் புரிந்திருந்தாலும் மற்ற இரண்டு பேர் மனதுக்குள் நன்றி சொல்வார்கள்.

மாற்றுக் கருத்தைச் சொல்லும்போது ஆளை விட்டுவிட்டு விஷயத்தைப் பிடியுங்கள். "யூ ஆர் ராங்" என்பதற்குப் பதில், அந்தத் திட்டத்தில் எந்த எண் அல்லது எந்தத் தேதி பொருந்தவில்லை என்று கேள்வியாகக் கேளுங்கள். எதிர்ப்பக்கத்தையும் காது கொடுத்துக் கேட்கப் பழகுங்கள்: பிரிட்டிஷ்காரர் ஒருவர் உங்கள் யோசனையை 'இன்டரெஸ்டிங்' என்று சொன்னால் துள்ளிக் குதிக்க வேண்டாம், அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருங்கள். எல்லா இடத்திலும் மீட்டிங்தான் முடிவெடுக்கும் இடம் என்றும் நினைக்காதீர்கள். பல ஜப்பானிய நிறுவனங்களில் 'நெமவாஷி' என்ற வழக்கம் உண்டு: சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி, சம்மதம் பெற்ற பிறகே விஷயம் மீட்டிங்குக்கு வரும். அங்கே வந்து முதல் முறையாக எதிர்ப்புச் சொன்னால், நீங்கள் சொல்வது சரியாக இருந்தாலும் எடுபடாது.

முடிந்ததும் யார், எதை, எப்போதுக்குள் என்று மூன்று நான்கு வரியில் எழுதி அன்றே எல்லாருக்கும் அனுப்புங்கள். மினிட்ஸ், அதாவது இந்த மீட்டிங் குறிப்பு, எழுதும் வேலையை யாரும் விரும்புவதில்லை. புதியவருக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது என்பேன்: கேட்பதற்கும் எழுதுவதற்கும் ஒரே நேரத்தில் பயிற்சி, புரியாததை நிறுத்திக் கேட்கவும் உரிமை.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், ஆனால்

பேச்சில் அயல் வாடை பலமாக இருந்தாலும் கேட்பவருக்கு முழுமையாகப் புரியலாம். வாடை வேறு, புரிதல் வேறு என்று மன்ரோ, டெர்விங் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1995-லேயே ஆய்வு செய்து காட்டினார்கள். ஆங்கிலத்தைப் பொது மொழியாக மட்டும் பயன்படுத்துகிறவர்களிடையே எது புரியாமல் போகிறது என்று ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளர் பார்த்தார். உயிரொலியின் நீளம், சொல்லின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வரும் மெய்கள், வாக்கியத்தில் அழுத்தம் விழும் சொல் ஆகியவை அவர் பட்டியலில் முக்கியம். 'திங்க்' என்பதன் முதல் ஒலியைச் சரியாகச் சொல்ல நாக்கைக் கடித்துக்கொண்டு பழகுவது அவ்வளவு முக்கியமில்லை.

குறில் நெடில் நமக்குப் பிறவியிலேயே வந்தது, அது லாபம். நஷ்டம் வேறு இடத்தில்: 'பார்க்' என்று தமிழில் எழுதினால் அது பூங்காவா, நாய் குரைப்பதா என்று எழுத்து காட்டாது, நாக்கும் சில சமயம் காட்டாது. சொல்லின் முடிவில் 'லேட்டு', 'பேங்க்கு' என்று உகரம் ஒட்டிக்கொள்வதும் உண்டு. இந்த இரண்டை மட்டும் போனில் பதிவு செய்து கேட்டுத் திருத்துங்கள். 13, 30 போன்ற எண்களைச் சொல்லும்போது 'ஒன் த்ரீ', 'த்ரீ ஸீரோ' என்று பிரித்தும் சொல்லிவிடுங்கள்.

கோட்பாடுகளை எப்படிப் படிப்பது

இரண்டு பெயர்கள் நிச்சயம் வரும். எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர், சொல்ல வேண்டியதையெல்லாம் சொற்களிலேயே சொல்லும் பண்பாடுகள், சூழலிலிருந்தும் உறவிலிருந்தும் பாதியைப் புரிந்துகொள்ள விடும் பண்பாடுகள் என்று பிரித்துப் பேசினார். ஹேர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர், ஐ.பி.எம். ஊழியர்களிடம் 1967-க்கும் 1973-க்கும் இடையில் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து, பண்பாடுகளை ஒப்பிட 1980-ல் நான்கு பரிமாணங்களை முன்வைத்தார். பிறகு அவை ஆறாயின. அதிகார இடைவெளி (மேலே, கீழே என்ற வித்தியாசத்தை எவ்வளவு ஏற்கிறார்கள்), தனிமனித நோக்கு (குழுவைவிடத் தனிநபரை எவ்வளவு முன்வைக்கிறார்கள்) என்று நாடுகளுக்கு எண் கொடுக்கும் அட்டவணை அங்கிருந்து வந்ததுதான்.

அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு தேசத்தையே எப்படி எடை போடுவது என்று பிரெண்டன் மெக்ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2002-ல் கேட்ட கேள்வி இன்றும் பாடத்தில் வருகிறது. அதோடு, அந்த எண்கள் நாட்டின் சராசரி. உங்கள் எதிரில் இருப்பவர் சராசரி இல்லை. தேர்வில் இந்த விமர்சனத்தையும் எழுதினால் மதிப்பெண் கூடும். நடைமுறையில் இந்தக் கோட்பாடுகள் எதற்கு உதவும் என்றால், கேள்வி கேட்க. "இவர் ஏன் பதில் தரவில்லை, மேலதிகாரியின் சம்மதத்துக்குக் காத்திருக்கிறாரோ?" என்று யோசிக்க வைக்கும், அவ்வளவு போதும்.

அதைவிடப் பயன்படுவது மூன்று கட்டப் பயிற்சி ஒன்று: விவரி, விளக்கு, மதிப்பிடு. சக மாணவர் நான்கு நாளாக மெயிலுக்குப் பதில் போடவில்லை என்று வையுங்கள். "பொறுப்பில்லாதவர்" என்பது மதிப்பீடு, முதலில் மனதில் வருவது அதுதான். அதைத் தள்ளிவைத்து, நடந்ததை மட்டும் எழுதுங்கள்: திங்களன்று மெயில் அனுப்பினேன், வெள்ளிவரை பதில் இல்லை. பிறகு குறைந்தது மூன்று விளக்கங்கள். அவருக்குத் தேர்வு வாரம். என் மெயிலில் கேள்வியே இல்லை, தகவல்தான் இருந்தது. குழுத் தலைவர்தான் பதில் தருவார் என்று நினைக்கிறார். இரண்டாவது விளக்கத்தை எழுதும்போதே பலருக்கு முகம் மாறும். இப்படி வாரம் ஒரு சம்பவத்தை நோட்டில் எழுதி வையுங்கள். செமஸ்டர் முடிவில் கேட்கும் கட்டுரைக்கு அதுவே கச்சாப்பொருள்.

பல நாட்டுக் குழுவில் வேலை

இணைய வழியாக வேறு நாட்டு மாணவர்களோடு சேர்ந்து செய்யும் கூட்டுப் பாடம் உங்கள் துறையில் இருந்தால் தயங்காமல் சேருங்கள். மேலே சொன்னதெல்லாம் அங்கேதான் உரசிப் பார்க்கக் கிடைக்கும்.

முதல் சந்திப்பில் தலைப்பைப் பேசும் முன் சில ஏற்பாடுகளை முடித்துவிடுங்கள்: எந்தச் செயலியில் பேசுவது, எத்தனை மணி நேரத்துக்குள் பதில், வாக்கெடுப்பா கருத்தொற்றுமையா, ஒருவர் கெடுவைத் தவறவிட்டால் என்ன. கடைசிக் கேள்வி சங்கடமாக இருக்கும். யாரும் தவறவிடுவதற்கு முன்பே கேட்டுவிட்டால் யாரையும் குத்தாது.

நேரத்தை எப்போதும் உலகப் பொது நேரமான யு.டி.சி.யோடு சேர்த்து எழுதுங்கள். மார்ச் மாதம் இன்னும் கவனம் தேவை: அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது, ஐரோப்பிய ஒன்றியம் கடைசி ஞாயிறுதான் தள்ளுகிறது. நடுவில் இரண்டு மூன்று வாரம் இரு தரப்புக்கும் இடையிலான வித்தியாசம் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் மாறி நிற்கும். குழு மீட்டிங்கில் பாதிப் பேர் வராமல் போவது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான்.

ஏ.ஐ. கருவிகளும் தேர்வுகளும்

ஏ.ஐ. கருவியைப் பயன்படுத்தலாமா என்று முதலில் உங்கள் பாடத்தின் விதியைப் பாருங்கள். அனுமதி இருந்தால், மெயிலை நீங்களே எழுதிய பிறகு, "இதைப் படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று புரிகிறதா?" என்று அதனிடம் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னால் பளபளவென்று வரும், ஆனால் மீட்டிங்கில் உங்களுக்குப் பதிலாக அது பேசாது.

சான்றிதழ் தேவைப்பட்டால் மட்டும் தேர்வு எழுதுங்கள். வணிக ஆங்கிலத்துக்கென்றே கேம்பிரிட்ஜ் நடத்தும் பிரிலிமினரி, வான்டேஜ், ஹையர் தேர்வுகள் முறையே பி1, பி2, சி1 நிலைகளுக்கானவை. வேலையிட ஆங்கிலத்தைச் சோதிக்கும் டோயிக் தேர்வு 1979-ல் ஜப்பானில் தொடங்கியது. கேட்டல், வாசித்தல் தேர்வில் மதிப்பெண் 10 முதல் 990 வரை, தேர்ச்சி, தோல்வி என்று கிடையாது. ஐ.இ.எல்.டி.எஸ். பெரும்பாலும் மேற்படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கப்படுவது. நீங்கள் போக நினைக்கும் நிறுவனம் எதைக் கேட்கிறது என்று அதன் வேலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எதையும் கேட்கவில்லை என்றால் அந்தப் பணத்தைச் சேமித்து, செமஸ்டரில் எழுதியவற்றில் நல்லதாக ஒரு கோரிக்கை மெயில், ஒரு மறுப்பு மெயில், ஒரு மினிட்ஸ் என்று மூன்றைப் பெயர்களை நீக்கிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் ஆங்கிலம் எப்படி என்று கேட்டால் எடுத்துக் காட்டலாம்.